பூவை எடுத்துவிட்டுப் படிக்கும் செய்தி

பிப்ரவரி 3, திங்கள்

தொண்டை டாக்டர் இன்று என் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “செய்தி வாசிக்கிறதோட நிறுத்திக்கணும். வீட்டுல ஒரு வார்த்தை பேசக் கூடாதும்மா” என்றார். உள்ளே சின்னத் தடிப்பு இருக்கிறதாம். இதைக் கேட்டு என் வீட்டுக்காரர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு வெளிச்சம் இல்லை. “டாக்டருக்கு ஒரு தார் பழம் வாங்கிக் குடுக்கணும்” என்று ஸ்கூட்டரில் வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்ததும், அவர் வேலை பார்க்கும் கூட்டுறவுப் பண்டகசாலையில் கொடுத்த டைரியை எடுத்து என் மடியில் போட்டார். “என்ன சொல்லணும்னு தோணுனாலும் இதுல எழுது.”

டாக்டர் பேசத்தான் கூடாது என்றார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை.

என் பெயர் சண்முகவடிவு. செங்குளத்தில் இறங்கி இந்தப் பெயரைச் சொன்னால் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். எங்கள் ஊர் கேபிளில் வரும் ‘ஊர்க்கண்’ டிவியில் மாலை ஏழு மணிச் செய்தி என்றால் நான்தான். மீன்கடையில் முகத்தை மூடிக்கொண்டு போய்ச் சாளை என்ன விலை என்று கேட்டாலும், “வடிவக்கா, உங்களுக்கு நல்லதா எடுத்துத் தாரேன்” என்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். டைரியிடம் என்ன வெட்கம்?

ஊர்ச் செய்தி, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் முடிந்து கடைசியில் சாவுச் செய்தி வரும். யார் வீடு, எந்தத் தெரு, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் தலையில் இருக்கும் பூவை எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. முதன்முதலில் தெரிந்தவர் வீட்டுச் சாவை வாசித்தபோது கை தானாகப் போனது, அப்படியே வழக்கமாகிவிட்டது. “சுமங்கலிப் பொம்பள தெனமும் பூவ எடுக்கலாமா?” என்று மாமியார் இருந்தவரை திட்டினார். “எனக்கொண்ணும் ஆவல, கல்லு மாதிரிதான் இருக்கேன்” என்பார் என் வீட்டுக்காரர். இப்போதெல்லாம் நான் பூவில் கை வைத்தால் டீக்கடைகளில் பேச்சு நின்றுவிடும். வாசித்து முடித்து, பூவை மறுபடி சூடிக்கொண்டுதான் ஊருக்கு வணக்கம் சொல்வேன்.

பிப்ரவரி 6, வியாழன்

ஊர்க்கண் டிவியை விற்றுவிட்டார்கள். பழைய முதலாளிக்கு வயதாகிவிட்டது, மகன் துபாயில். வாங்கியவர் சக்திதரன். ஜல்லிக் குவாரி, கல்யாண மண்டபம், பெட்ரோல் பங்க், இங்கிலீஷ் பள்ளிக்கூடம் என்று இந்த ஊரில் அவருடையது இல்லாதது குளமும் கோயிலும்தான்.

பெரிய மனுஷர் என்றாலும் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார். “நான் டிவிய வாங்கலம்மா, உங்க குரல வாங்கியிருக்கேன். நீங்க சொன்னா ஊரு நம்பும்” என்றார். மாம்பழ நிறத்தில் ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். ஆளை எடைபோடத் தெரிந்தவர்.

சென்னையிலிருந்து நிதின் என்று ஒரு பையனை மேலே உட்கார வைத்திருக்கிறார். தாடி, காதில் எப்போதும் ஏதோ சொருகியிருக்கிறது. என்ன செய்தி போட வேண்டும் என்று இனி அவன்தான் சொல்வானாம். கேமரா ஜெபஸ்டின் என் காதருகில் வந்து, “அக்கா, ஊருக்குள்ள எந்தத் தெரு எங்க இருக்குன்னு தெரியாதவன் ஊர்ச் செய்தி போடப் போறான்” என்றான். அவனுக்கு யாரைப் பார்த்தாலும் குறைதான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பஸ் ஸ்டாண்ட் வாசலில் என் முகத்தை ஆளுயரத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார்கள். ‘உங்கள் குரல், ஊர்க்கண்’. தலையில் மல்லிகை, மாம்பழப் பட்டு. வேலை எதுவும் இல்லாமலே அந்தப் பக்கம் போய்வந்தேன்.

என் நாத்தனார் பேச்சிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குள்தான் நன்னாரி சர்பத் கடை. அவள் புருஷன் போன பிறகு அந்த நகராட்சிக் கடைதான் அவளைத் தூக்கி நிறுத்தியது. மகளை நர்சிங் படிக்க வைப்பதும் அந்தக் கடைதான். என்னைக் கண்டதும், குடிக்க வந்தவர்களிடம் ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிக் காட்டி, “எங்க மதினி! எங்க அண்ணன் பொண்டாட்டி!” என்று ஒரே கூப்பாடு. எனக்கு எலுமிச்சை கூடப் பிழிந்து ஒரு சர்பத் தந்தாள். டாக்டர் ஐஸ் கூடாது என்றிருக்கிறார். கொஞ்சம்தான் போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

இன்று தலைப்புச் செய்தி, ‘நெரிசலில் திணறும் செங்குளம்’. பஸ் ஸ்டாண்ட் ஊருக்கு நடுவில் இருப்பதால் மக்கள் படும் பாடு. பள்ளிக்கூடம் விடும் நேரம் பார்த்து, பஸ் திரும்பும் முக்கில் நின்று எடுத்தோம். எங்கள் வண்டியை அந்த முக்கிலேயே நிறுத்தியிருந்ததால் பஸ் திரும்ப முடியாமல் நெரிசல் கொஞ்சம் கூடுதலாகிவிட்டது, அது வேறு விஷயம். டிரைவர் ஒருவர் இறங்கி வந்து ஜெபஸ்டினை நல்ல வார்த்தைகளில் திட்டினார். அந்த வார்த்தைகளை வெட்டிவிட்டு, திட்டும் முகத்தை மட்டும் போட்டு, ‘கொதிக்கும் ஓட்டுநர்கள்’ என்று வாசித்தேன். நன்றாக அமைந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே பைபாஸுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு யோசனை இருக்கிறதாம். இனி தினமும் இதைப் பற்றி ஏதாவது உண்டு என்றான் நிதின்.

பிப்ரவரி 15, சனி

உளுந்து நனையப் போட்டேன். முதலாளியின் பேரன் ஆதவுக்கு மூன்றாவது பிறந்தநாள், செய்தியில் வாழ்த்து சொன்னேன். கொழுகொழுவென்று அழகான பிள்ளை. போட்டோவை மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டியதைவிடக் கொஞ்சம் நீளமாகக் காட்டினார்கள்.

பிப்ரவரி 20, வியாழன்

பைபாஸில் புது பஸ் ஸ்டாண்டுக்குச் சொல்கிற இடத்தைப் போய்ப் பார்த்தோம். வெட்டவெளி. வெயில் பல்லைக் காட்டியது. ஊருக்குள்ளிருந்து ஆட்டோவில் போகவே இடுப்பு விட்டுப்போயிற்று. நிதின் சொன்னபடி, ‘காற்றோட்டமான சூழல், கனவுப் பேருந்து நிலையம்’ என்று வாசித்தேன். ‘தற்போதுள்ள வியாபாரிகள் அனைவருக்கும் புதிய நிலையத்தில் கடை’ என்றும் ஒரு வரி இருந்தது. பேச்சிக்கு ஆகும் என்று அதைக் கொஞ்சம் அழுத்தியே வாசித்தேன்.

அந்த இடத்தைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை மஞ்சளும் சிவப்பும் அடித்த கற்கள் நட்டு, குட்டிக் குட்டிக் கொடிகள் கட்டியிருக்கிறார்கள். பார்க்க அழகாக இருந்தது. ரோட்டோரம் ஒரு பெரிய வளைவு, ‘ஆதவ் கார்டன்’ என்று பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். பேரன் மேல் எவ்வளவு பாசம் பாருங்கள். ஜெபஸ்டின் கேமராவை அந்தப் பக்கம் திருப்பினான், நிதின் வேண்டாம் என்றுவிட்டான். வெளிச்சம் சரியில்லையாம்.

மார்ச் 1, சனி

‘மக்கள் கருத்து’ எடுக்க பஸ் ஸ்டாண்டில் நாளெல்லாம் நின்றோம். பஸ் ஸ்டாண்ட் வெளியே போகலாமா என்று கேட்டால் பாதிப்பேர் நம்மையே முறைக்கிறார்கள். கூடையில் கீரை வைத்திருந்த ஒரு அம்மா, “நான் விக்கது அம்பது ரூவாய்க்குக் கீரை. அங்கேருந்து சந்தைக்கு வர ஆட்டோக்காரனுக்கு என்னத்தக் குடுப்பேன், கூடையவா?” என்றாள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

செய்தியில் ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் போகலாம் என்றார்கள். இரண்டு பேர் முதலாளியின் பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று ஜெபஸ்டின் சொன்னான். கீரைக்கார அம்மா ஏன் வரவில்லை என்று நிதினிடம் கேட்டேன். “ஆடியோ கிளியரா இல்ல மேடம்” என்றான்.

“நல்லா கணீர்னுதான் இருந்துச்சுக்கா” என்றான் ஜெபஸ்டின். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலைவலி.

மார்ச் 5, புதன்

இன்றைய கௌரவம் இந்த ஊரில் யாருக்கும் கிடைத்திருக்காது. என் தொண்டை விஷயம் முதலாளி காதுக்குப் போய், “அந்தக் குரல் பொக்கிஷம், பத்திரமா எடுத்து வைங்க” என்று சொல்லிவிட்டாராம். பச்சைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து நாளெல்லாம் படம் பிடித்தார்கள். நிதின் கொடுத்ததையெல்லாம் வாசித்தேன். சம்பந்தா சம்பந்தம் இல்லாத வரிகள். சிரித்துக்கொண்டு, கோபமாக, வருத்தமாக, தலையை இந்தப் பக்கம் திருப்பி, அந்தப் பக்கம் திருப்பி. “உங்களுக்கு முடியாத நாள்ல உதவும் மேடம்” என்றான். என்ன அக்கறை!

சாவுச் செய்தி மாதிரி ஒன்றும் வாசிக்கச் சொன்னான். வழக்கப்படி பூவில் கை வைத்தேன். “வேணாம் மேடம், இருக்கட்டும். ஃப்ரேம்ல அழகா இருக்கு” என்றான். ஒத்திகைதானே என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

பேச்சி வந்தாள். வரும்போதே முகம் சரியில்லை. முறுக்குத் தட்டை நகர்த்தினேன், தொடவில்லை.

போன வாரம் நகராட்சியில் பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்களாம். நிறையப் பேர் மறுத்தார்களாம். பேச்சி எழுந்து நின்று, போகலாம், எங்களுக்குச் சம்மதம் என்று சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதும் இன்னும் பல பேர் மனம் மாறியிருக்கிறார்கள். வடிவின் நாத்தனார் சொல்கிறாள், உள்விவரம் தெரியாமலா சொல்வாள் என்று. நேற்றுத்தான் விஷயம் வெளியே வந்திருக்கிறது. புது இடத்தில் கடை கட்டப்போவது நகராட்சி இல்லை. தனியார் கட்டி ஏலம் விடுவார்கள். பழைய கடைக்காரர் புதுக் கடைக்காரர் என்ற பேச்சே கிடையாதாம்.

என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. டாக்டராவது, தொண்டையாவது. “ஏட்டி, எழுத்துல எதுவும் வாங்காம எப்படி சரின்னு சொன்ன?” என்று கத்தினேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. “நீங்க சொன்னியள்லா மதினி. டிவில, எல்லாருக்கும் கடை உண்டுன்னு. வேற யாரும் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பனா?”

முறுக்கு தட்டிலேயே நமுத்துப் போயிற்று.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாக நிதினிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லாருக்கும் கடை உண்டு என்று யார் சொன்னது என்று. “சோர்ஸ் மேடம்.” எந்த சோர்ஸ்? சிரிக்கிறான். கடைசியில் முதலாளி அறைக்கே போனேன். காப்பி வரவழைத்தார். மறுப்பு ஒன்று வாசிக்க வேண்டும் என்றேன், அந்த வரி தவறு என்று ஒரே ஒரு வரி.

பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “ஊரு வளரணும்லாம்மா. நாலு பேரு அழத்தான் செய்வாங்க. என்ன சொல்லணுங்கிறது எங்க கவல. நீங்க குரல் மட்டும் குடுங்க.”

“நீங்க என் குரல வாங்கினதா சொன்னீங்க. நான் வித்ததா எனக்கு ஞாபகம் இல்லீங்க” என்றேன். சொல்லிவிட்டு எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. புடவையில் குத்தும் மைக்கைக் கழற்றி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்குச் செய்தி எப்படி ஓடும் என்று பார்க்கிறேன்! ஏழு மணிக்கு ஊரே வடிவு எங்கே என்று கேட்குமே.

வீட்டில் டிவி வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன். நான் இல்லாத செய்தியை நான் ஏன் பார்க்க வேண்டும்?

பட்டுப்புடவையைத் திருப்பிக் கொடுத்தேனா என்றால், இல்லை. நல்ல புடவை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

மார்ச் 14, வெள்ளி

கூழ் வற்றல் போட்டேன். மொட்டைமாடியில் காக்கை விரட்டுவதும் ஒரு வேலைதான். வடிவு எங்கே என்று கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

பால்காரர், “நேத்து நல்லா வாசிச்சிய” என்றார். நக்கல். வேலையை விட்டவளைச் சீண்டுகிறார். நாளைக்குப் பாலில் தண்ணீர் இருக்கட்டும், பேசிக்கொள்கிறேன்.

பேச்சிக்குப் போன் போட்டால் எடுப்பதில்லை. சர்பத் சீசன், கூட்டமாக இருக்கும். என் வீட்டுக்காரரும் கடையிலிருந்து எட்டு மணிக்கு வந்து, தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறார். எனக்குத்தான் பேசக் கூடாது என்று உத்தரவு. இவருக்கு என்ன வந்தது?

மார்ச் 18, செவ்வாய்

காலையில் வாசலில் சத்தம். சோடாக் கம்பெனித் தெரு மரியதாஸ் அண்ணாச்சியின் மனைவி ஸ்டெல்லாக்காவும் இரண்டு மகன்களும். அண்ணாச்சி போய்விட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இந்த ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் சோடா கொடுத்த மனுஷர். என் கல்யாணத்துக்கும் அவர் சோடாதான்.

ஸ்டெல்லாக்கா உள்ளே வர மறுத்துவிட்டார். “ஒன்னய என்ன நெனச்சேன் வடிவு! எங்க அவுக சாவ, தலையில பூவ வச்சிக்கிட்டு, சிரிச்ச மூஞ்சியோட சொல்லியிருக்கியே! ஊரெல்லாம் காறித் துப்புது. பணக்காரன் டிவின்னா பூ எறங்காதோ?”

நான் வாசிக்கவில்லை என்றேன். “பொய் வேற சொல்லுதியா?” என்று மூத்தவன் கையை ஓங்கினான். ஸ்டெல்லாக்கா அவனை இழுத்துக்கொண்டு போனார்.

பால்காரர் சொன்னது, பேச்சி போன் எடுக்காதது, இவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டது எல்லாம் ஒரே நேரத்தில் மண்டையில் இறங்கின. மாலை ஏழு மணிக்கு டிவி வயரைச் சொருகினேன். மாம்பழப் பட்டில் நான் வந்தேன். ‘வணக்கம், செய்திகள் வாசிப்பது சண்முகவடிவு’ என்றேன். என் குரல். என் தலையசைப்பு. புது பஸ் ஸ்டாண்ட் வேண்டும் என்று வியாபாரிகளே கேட்பதாகச் சொன்னேன். ‘இந்த ஊரின் மகளாக நானும் அதையே விரும்புகிறேன்’ என்று சிரித்தேன். பிறகு யாரோ ஒருவருடைய சாவைச் சொன்னேன், பூவோடு.

அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. இவர் இன்று சீக்கிரமே வந்து வாசலிலேயே நின்றார். டிவியில் நான் பேசிக்கொண்டிருந்தேன், நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். “அப்ப நீ போகலியா?” என்றார். “போக மாட்டேன்னுட்டு எனக்குத் தெரியாம நீ போறன்னுல்லா நெனச்சேன்.” இவரே நம்பிவிட்டார். இத்தனை வருஷம் ஒன்றாகச் சோறு தின்றவர். அவர் முன்னால் உட்கார்ந்து அழுதேன். அழுவதும் தொண்டைக்கு ஆகாதாம்.

மார்ச் 20, வியாழன்

அலுவலகத்துக்குப் போனேன். நிதின் எழுந்திருக்கவே இல்லை. “நீங்களேதானே மேடம் உட்கார்ந்து குடுத்தீங்க. கம்ப்யூட்டர் அதை வச்சுப் பேசுது. இதுல தப்பு என்ன? உங்களுக்கு ரெஸ்ட்தானே.” போலீஸ் ஸ்டேஷனில், “ஒங்க மூஞ்சி, ஒங்க குரலு. இதுல எவன் மேலம்மா கேஸ் போட?” என்று சிரித்தார்கள். எங்கள் வார்டு கவுன்சிலர் முப்பிடாதி அண்ணாச்சி மட்டும் உட்காரச் சொன்னார். “எனக்கும் மனசு இல்லம்மா. ஆனா மக்கள் வேணும் வேணும்ங்காவன்னு தெனமும் நீதான சொல்லுத? அதுக்கு எதுத்து நின்னா அடுத்த எலெக்‌ஷன்ல எனக்கு எவன் ஓட்டுப் போடுவான்? திங்கக்கிழமை தீர்மானம். கையத் தூக்கித்தான் ஆகணும்.”

ஊருக்குப் பயந்து கவுன்சிலர் கையைத் தூக்குகிறார். ஊரோ என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என் வாய் அவர்கள் கையில் இருக்கிறது.

அழுது முடித்தாயிற்று. இப்போது வருவது கோபம்.

மார்ச் 21, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

நல்ல பருத்திப் புடவை கட்டினேன், சந்தையில் புது மல்லிகை வாங்கி வைத்தேன். ஏழு மணிக்குச் சற்று முன்னால் பஸ் ஸ்டாண்டில் பேச்சி கடைக்கு முன் போய் நின்றேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு எலுமிச்சை நறுக்க ஆரம்பித்தாள். “எதுக்கு வந்திய? இங்க வந்தும் படம் எடுக்கணுமா?”

பக்கத்து டீக்கடை டிவியில் ஊர்க்கண் இசை போட்டார்கள். மாம்பழப் பட்டில் அந்தப் பொம்மை வந்து வணக்கம் சொன்னது. பேச்சியின் தாடையைப் பிடித்து முதலில் டிவி பக்கமும், பிறகு என் பக்கமும் திருப்பினேன். அவள் டிவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கத்தியைக் கீழே போட்டாள்.

“மதினி, நீங்க இங்கல்லா நிக்கிய. அப்ப அது யாரு?”

“நான் இல்ல. நான் விட்டு எத்தன நாளாச்சு.”

அடுத்த நிமிஷம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். நேராக டைம் கீப்பர் அறைக்கு. தென்காசி பஸ், நெல்லை பஸ் என்று நாளெல்லாம் மைக்கில் கத்தும் சுடலைமுத்து அண்ணாச்சி சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். “அண்ணாச்சி, எங்க மதினி பேசணும், மைக்கக் குடுங்க!” விதிப்படி கூடாது என்று ஆரம்பித்தவர், என்னையும் ஜன்னல் வழியாக டீக்கடை டிவியையும் பார்த்துவிட்டுப் பொட்டலத்தை மூடினார். சுவிட்சைத் தட்டி, மைக்கை என் பக்கம் திருப்பினார்.

“வணக்கம். செய்திகள் வாசிப்பது சண்முகவடிவு.”

பஸ் ஸ்டாண்டின் எல்லா ஒலிபெருக்கிக் குழாயிலும் என் குரல். டீக்கடை டிவியிலும் என் குரல். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கேட்டன. டீக்கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அறைப் பக்கம் வந்தார்கள். பஸ் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. யாரோ டீக்கடை டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

முதலில் பூவை எடுத்தேன். கண்ணாடி ஜன்னல், எல்லோருக்கும் தெரிந்தது. நெல்லை பஸ் டிரைவர் எஞ்சினை அணைத்தார். அதைப் பார்த்து அடுத்தவர் அணைத்தார். ஒவ்வொன்றாக எல்லாம் அணைந்தன. அந்தப் பஸ் ஸ்டாண்டில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

“சோடாக் கம்பெனித் தெரு மரியதாஸ் அவர்கள் காலமானார். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் சோடா கொடுத்தவர். பந்தியில் யாருக்கு விக்கினாலும் முதலில் ஓடி வந்த கை அவருடையது. அவர் சாவைப் பூவோடு சிரித்துக்கொண்டே வாசித்தது நான் இல்லை. கம்ப்யூட்டரில் செய்த பொம்மை. ஸ்டெல்லாக்கா, இன்றைக்குத்தான் நான் வாசிக்கிறேன்.”

பிறகு பூவைச் சூடிக்கொண்டு ஊர்ச் செய்திக்கு வந்தேன்.

எல்லா வியாபாரிகளுக்கும் கடை உண்டு என்று நான் வாசித்தேன், யார் சொன்னது என்று கேட்காமலே வாசித்தேன், அது உண்மை இல்லை என்றேன். நெரிசல் காட்டிய அன்று முக்கில் நின்றது எங்கள் வண்டிதான் என்றேன். கூட்டத்திலிருந்து அந்த டிரைவர் குரல் வந்தது, “அத நான் அன்னைக்கே சொன்னம்லா!” எல்லோரும் சிரித்தார்கள். மக்கள் கருத்தில் மறுப்புச் சொன்ன ஒருவரையும் காட்டவில்லை, கீரைக்கூடையைப் பற்றிக் கேட்ட அம்மாவையும் காட்டவில்லை என்றேன்.

“கடைசியாக ஒன்று. புது இடத்தைச் சுற்றிக் கலர்க் கல் நட்டிருக்கிறது. யார் நிலம் என்று நான் சொல்ல மாட்டேன். ரோட்டோரம் வளைவில் பெரிதாக ஒரு பெயர் எழுதியிருக்கிறது. பஸ்ஸில் போகும்போது எட்டிப் பாருங்கள். அந்தப் பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போன மாதம் நான்தான் உங்கள் எல்லோர் முன்னாலும் வாழ்த்து வாசித்தேன்.”

கூட்டத்தில் யாரோ “ஆதவ்!” என்றார்கள். அந்தப் பெயர் பஸ் ஸ்டாண்டு முழுக்க வாய் வாயாகப் போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? நேற்று வரை அந்த வாயில் அவர்கள் போட்டதுதான் இருந்தது.

அறையை விட்டு வெளியே வந்தால் பேச்சி பெரிய டம்ளரில் சர்பத்தோடு நிற்கிறாள். சுற்றி நின்ற எல்லோரிடமும் மறுபடி, “எங்க மதினி! எங்க அண்ணன் பொண்டாட்டி!” இந்தத் தடவை ஃப்ளெக்ஸை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

மார்ச் 22, சனி

குரல் சுத்தமாகப் போய்விட்டது. காற்றுதான் வருகிறது. டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் என் தலைமாட்டில் வெந்நீர் வைத்துவிட்டு, “போதும்ட்டி, நீ பேச வேண்டியத பேசிட்ட” என்றார். ஜெபஸ்டின் போன் செய்தான், அவனும் வேலையை விட்டுவிட்டானாம். நேற்றிரவு நிதின் ஊரை விட்டே போய்விட்டதாகச் சொன்னான். புளுகாக இருக்கும். இருந்தாலும் கேட்க நன்றாக இருந்தது.

மார்ச் 24, திங்கள்

நகர்மன்றத்துக்குள் நுழைய இடம் இல்லை. கீரைக்கார அம்மா கூடையோடு முதல் வரிசையில். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கையைத் தூக்கச் சொன்னபோது, முப்பிடாதி அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் பல கைகள் கீழேயே இருந்துவிட்டன. தீர்மானம் தோற்றது.

சக்திதரன் தோற்றுவிட்டார் என்று நான் எழுதவில்லை. டிவி அவருடையது, கல் நட்ட நிலமும் அங்கேயேதான் இருக்கிறது. வேறு வழியில் வருவார். வரட்டும், நாங்களும் இங்கேதான் இருக்கிறோம்.

பொம்மை நேற்றிலிருந்து பூவே இல்லாமல் வருகிறதாம். பிறந்தநாள் வாழ்த்துக்கும் பூ இல்லை. டீக்கடைக்காரர் பார்த்துவிட்டு, “பாவம், யார் போனாவளோ” என்றாராம். ஊரே சிரிக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

குரல் திரும்பியிருக்கிறது. பழைய குரல் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. பேச்சி இதுதான் நன்றாக இருக்கிறது என்கிறாள். அவளுக்கு என்னைப் பற்றி எதுவும் நன்றாகத்தான் இருக்கும்.

பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர்கள் நகராட்சியில் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார்கள். மாலை ஏழு மணிக்குக் கொஞ்ச நேரம் மைக் எனக்கு. இன்றுதான் முதல் நாள். ஏழு மணி ஆவதற்கு முன்பே ஜனம் வந்து நின்றுவிட்டது. பஸ் ஏற வந்தவர்கள் பாதி, என்னைக் கேட்க வந்தவர்கள் பாதி. ஸ்டெல்லாக்கா மகனோடு வந்து, சரம் தொடுத்த மல்லிகையை அவர் கையாலேயே என் தலையில் வைத்தார்.

தண்ணீர் வராத தெருக்கள், காணாமல் போன ஆடு, இரண்டு பிறந்தநாள். எல்லாவற்றையும் யார் சொன்னது என்று கேட்டு வைத்துக்கொண்டுதான் வாசித்தேன். கடைசியில் நிறுத்தினேன். எல்லோர் கண்ணும் என் கையைப் பார்த்தது. டிரைவர்கள் சாவியில் விரலை வைத்தார்கள்.

இன்று ஊரில் சாவு இல்லை. பூவை எடுக்காமலே வணக்கம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.